குளூட்டமேட் எங்க போகுது?

கேள்வி: சிக்னல் குடுத்து முடிஞ்ச குளூட்டமேட் எங்க போகுது? நடத்தைக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கா? – ஏ.எல். பயோ மாணவி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: நல்ல கேள்வி தங்கச்சி. குளூட்டமேட் எண்டது மூளையில ஒரு நியூரோன் (நரம்புக் கலம்) அடுத்ததுக்குச் சிக்னல் குடுக்கிற ரசாயனம். அது கலங்களுக்கு இடையில அங்கயே உடையிறேல்ல, ட்ரான்ஸ்போர்ட்டர் புரதங்கள் கலத்துக்குள்ள இழுத்தெடுக்கும், பெரும்பங்கு வேலை பக்கத்தில இருக்கிற அஸ்ட்ரோசைட் எண்ட துணைக் கலத்துக்குத்தான், ஆனா நியூரோன்லயும் ஈஏஏடி3 எண்டு ஒரு ட்ரான்ஸ்போர்ட்டர் இருக்கு, ஒரு குளூட்டமேட்டோட 3 சோடியம், 1 ஹைட்ரஜன் அயன் உள்ள வரும், 1 பொட்டாசியம் வெளிய போகும். பாரிசவாதத்தில ரத்தம் தடைப்பட்டா சக்தியில்லாம இந்த ஏற்பாடே குழம்பி, குளூட்டமேட் வெளியில தேங்கி நியூரோன் சாகும், அதாலதான் ஆஸ்பத்திரிக்கு உடன கொண்டு போங்க எண்டு திரும்பத் திரும்பச் சொல்லுறன். நடத்தையெண்டா, ஈஏஏடி3க்கான எஸ்எல்சி1ஏ1 ஜீனுக்கும் ஓசிடிக்கும் (ஒரே நினைப்பும் செயலும் திரும்பத் திரும்ப வாற மனநோய்) சில ஆய்வில தொடர்பு தெரிஞ்சது, சிலதில தெரியேல்ல, அந்த ஜீன் மட்டும்தான் காரணம் எண்டு சொல்லேலாது.