வாட்ஸப்பில் மங்கும் வீடியோ: கார்டை மாற்ற வேண்டாம்

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகன் கைக்குள் அடங்குகிற சின்ன வீடியோ கேமரா ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். பிள்ளையார் நோன்பன்று வளவில் எல்லாரும் இழை (சுடர் ஏற்றிய திரி வைத்த மாவு) எடுத்துக்கொண்டதைப் படம்பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டேன். கேமராவில் முகங்கள் தெளிவாக இருக்கின்றன. வாட்ஸப்பில் யார் யாரென்றே தெரியவில்லை. டியூப்லைட் வேறு துடிக்கிறது. கடையில் கேட்டால் மெமரி கார்டு மட்டம், புதுசு போடுங்கள், இந்த வீடியோவைக் ‘கன்வர்ட்’ செய்ய 500 ரூபாய் என்கிறார்கள். கொடுக்கலாமா?
(தேவகோட்டை வாசகி)

பதில்: கொடுக்காதீர்கள், ஆச்சி. கேமராவில் தெளிவாக இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்படியென்றால் கேமராவும் சரி, கார்டும் சரி. கார்டு குலுக்கை மாதிரி. நெல்லைக் கொட்டினால் நெல்தான் வரும், உள்ளே இருந்து பதராக மாறி வராது. மட்டமான கார்டு என்றால் பதிவு பாதியில் நிற்கும், ஃபைல் திறக்காது. முகம் மங்காது. ‘வி30’ என்று போட்ட கார்டு விநாடிக்குக் குறைந்தது 30 எம்.பி. எழுதும், இந்த மாதிரிக் கேமராக்களுக்குப் பெரும்பாலும் அதில் பாதியே போதும்.

மங்கடித்தது வாட்ஸப். வீடியோவாக அனுப்பினால் அது கசக்கிச் சுருட்டித்தான் அனுப்பும். பேப்பர் கிளிப் படத்தைத் தொட்டு, ‘டாக்குமென்ட்’ என்பதன் வழியாக அதே வீடியோவை அனுப்புங்கள். 2 ஜி.பி. வரை எடுத்தபடியே போகும். ஆனால் 4கே என்ற மிக உயர்ந்த தெளிவில் எடுத்தால் நிமிடத்துக்கு 750 எம்.பி.கூட ஆகலாம், மூன்று நிமிடத்திலேயே எல்லை தாண்டிவிடும். வீட்டு விசேஷத்துக்கு 4கே எதற்கு? கேமராவில் அதற்குக் கீழான 1080 என்று மாற்றிவிடுங்கள். பழைய போன் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் ‘படம் ஓடவில்லை’ என்றால், கேமரா மெனுவில் வீடியோவைச் சேமிக்கும் முறை ‘எச்.265’ என்று இருப்பதை ‘எச்.264’ ஆக்கிக்கொள்ளுங்கள்.

அந்த 500 ரூபாய்க்குக் கடைக்காரர் செய்யப்போவது வேறொன்றுமில்லை. இலவச மென்பொருளில் வீடியோவைப் போட்டுச் சுருக்கித் தருவார். அதை நீங்கள் வாட்ஸப்பில் போட்டதும் அது இன்னொரு முறை சுருக்கும். இதற்கு நடுவில் உங்கள் வீட்டுப் பெண்கள், போட்டிருந்த நகை, எந்தக் கதவு எங்கே திறக்கிறது என்பதெல்லாம் முன்பின் தெரியாத ஒருவருடைய கணினியில் தங்கிவிடும். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கிற ஊர் நம்முடையது. யூடியூப்பில் போடுவதானாலும் ‘அன்லிஸ்டட்’ (தேடினால் கிடைக்காதது) என்று போட்டு, லிங்க்கைக் குடும்பத்துக்குள் மட்டும் கொடுங்கள். லிங்க் வைத்திருக்கிற யாரும் பார்க்கலாம் என்பது நினைவில் இருக்கட்டும்.

கார்டின் மேல் பெரிதாகக் குற்றம் சொல்லக்கூடிய இடமும் ஒன்று உண்டு: போலிக் கார்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் மேசைக்கு அழுதுகொண்டு வருகிறவர்களில் பலர் இதில் மாட்டியவர்கள். உள்ளே 8 ஜி.பி.தான் இருக்கும், மேலே 128 என்று அச்சடித்திருப்பார்கள். கணினியில் போட்டாலும் 128 ஜி.பி. கார்டு போலவே காட்டும், அப்படித் தந்திரம் செய்திருப்பார்கள். (நல்ல 128 ஜி.பி. கார்டு கணினியில் 119 சொச்சம்தான் காட்டும். அது ஏமாற்று இல்லை, கணக்கு வேறு.) முதல் அரை மணி நேரம் எல்லாம் சரியாக இருக்கும். அப்புறம் எடுப்பதெல்லாம் காற்றில் போகும், அல்லது பழையதன் மேலேயே ஏறி உட்காரும். ஆகவே எந்தப் புதுக் கார்டையும், கடைக்காரர் தலையில் கட்டுகிறதையும் சேர்த்துத்தான், விசேஷத்துக்கு முன்பே சோதியுங்கள். கேமராவைச் சுவரைப் பார்த்து வைத்துக் கார்டு நிரம்பும்வரை ஓடவிடுங்கள். பிறகு முதல் வீடியோ, நடுவில் ஒன்று, கடைசி ஒன்று, மூன்றையும் முழுதாக ஓட்டிப் பாருங்கள். ஓடினால் அசல். பில் இல்லாமல் கார்டு வாங்கவே வாங்காதீர்கள். பில் இருந்து ஏமாந்தால் 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அழைக்கலாம். பேருந்து நிலையத்து வாசலிலேயே இவற்றைக் கூறு போட்டு விற்கிறார்கள், கேட்க நாதியில்லை. வாங்கி ஏமாந்தவர்தான் அலைய வேண்டும்.

துடிப்புக்கு மட்டும் வாட்ஸப் பொறுப்பில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். மெனுவில் ‘ஆன்டி-ஃபிளிக்கர்’ என்பதை 50 என்று வையுங்கள், விநாடிக்கு எத்தனை படம் என்கிற வேகத்தை 30-லிருந்து 25 ஆக்குங்கள். ஏற்கெனவே எடுத்ததில் துடிப்பது துடித்ததுதான்.

இழை எடுக்கும்போது கேமரா சுடரைப் பார்த்துக் கண்ணை இடுக்கிக்கொள்ளும், முகம் கறுத்துப்போகும். திரையில் முகத்தைத் தொட்டுவிட்டு எடுங்கள். பகலிலும் இதே கதைதான். பத்தியில் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) உட்கார்ந்திருப்பவரை முற்றத்து வெளிச்சம் பின்னால் வரும்படி எடுத்தால் நிழலுருவம்தான் கிடைக்கும். நீங்கள் முற்றத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், வெளிச்சம் அவர் முகத்தில் விழும்.

இன்னொன்று. கேமராவை மகன் சிங்கப்பூரில் வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். கெட்டுப்போனால் இங்கே எளிதில் பார்க்க மாட்டார்கள். அதே கம்பெனி, அதே பொருள். ஆனால் பல கம்பெனிகளின் வாரண்டி வாங்கின நாட்டோடு நின்றுவிடும். காரைக்குடியிலிருந்து மதுரைக்கு ஒரு வாடிக்கையாளர் கேமராவைத் தூக்கிக்கொண்டு மூன்று முறை போய், ‘உள்நாட்டு பில் இருக்கிறதா’ என்ற ஒரே கேள்வியோடு திரும்பி வந்தேன். முதல் நாளே போனில் சொல்லியிருந்தால் பஸ் காசாவது மிஞ்சியிருக்கும். பில்லை மகனிடமே பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், கேமரா கெட்டால் அடுத்த முறை அவர் போகும்போது அதைக் கொடுத்தனுப்பலாம்.

நோன்பு வீடியோவைக் கார்டிலிருந்து இப்போதைக்கு அழிக்காதீர்கள். கார்டு ரீடர் வைத்துப் போனில் ஏற்றி, மகனுக்கு மட்டும் டாக்குமென்டாக ஒரு முறை அனுப்பிப் பாருங்கள். அவருக்குத் தெளிவாகத் தெரிந்தால், அப்புறம் குழுவில் போடுங்கள்.