வாசகர் கேள்விகள்: வெள்ளிப் பதக்கம்

கேள்வி: எங்கள் பள்ளிக்கு நூறு வயதாகிறது. பழைய மாணவர்கள் சேர்ந்து 200 வெள்ளிப் பதக்கம் செய்யப் போகிறோம். வார்ப்பதா, அச்சில் அடிப்பதா? சுத்த வெள்ளியா, கலப்பா? - ஒரு வாசகர், கரூர்

பதில்: 200 என்றால் அச்சில் அடிப்பதுதான் சரி. வார்ப்பது என்றால் வெள்ளியை உருக்கி ஊற்றுவது, அடிப்பது என்றால் வெள்ளி வில்லையை எஃகு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவது. வார்த்தது ஒன்று, அடித்தது ஒன்று, இரண்டையும் லென்ஸில் பாருங்கள். வார்த்ததில் பெரும்பாலும் எழுத்தின் முனை மழுங்கியிருக்கும், ஊசி குத்தியது போலக் குழிகள் தெரியும், விளிம்பில் அரம் ஓடிய கீறல் இருக்கும். நன்றாக அடித்ததில் எழுத்து வெட்டி வைத்தது போல நிற்கும்.

அச்சில் கஞ்சத்தனம் வேண்டாம். முன்பெல்லாம் உருவத்தைப் பெரிதாகப் பிளாஸ்டரில் செதுக்கி, அதைச் சுருக்கி எஃகில் எடுப்பார்கள், இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டரில் செதுக்கி இயந்திரத்தில் வெட்டுகிறார்கள். எஃகைக் கடினப்படுத்திவிட்டால் எழுத்துப்பிழையைத் திருத்துவது பெரும்பாடு, அநேகமாகப் புது அச்சுதான், அதனால் நிறுவனர் பெயரின் இனிஷியல் வரை நாலு பேர் படித்துப் பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள். அப்புறம், பள்ளிக் கட்டடம் முழுவதையும் 40 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் அடைக்காதீர்கள். நீங்கள் எல்லோரும் காது கொடுத்துக் கேட்ட அந்தப் பள்ளி மணி ஒன்று போதும், பார்த்ததும் நெஞ்சு நிறையும். ஒரு பக்கம் முகம் புடைத்து நின்றால் அதற்கு நேர் பின்னால் தட்டையான எழுத்து வரட்டும், இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் புடைத்தால் வெள்ளி போதாமல் மூக்கு நிரம்பாது. புடைப்பு அதிகமென்றால் ஒரே அடியில் வராது: அடிக்க அடிக்க வெள்ளி இறுகிவிடும், நடுவில் காய்ச்சி மென்மையாக்கி மறுபடி அடிக்க வேண்டும், கூலியும் ஏறும்.

பெட்டிக்குள் இருக்கப் போகிறதென்றால் 999 வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 999 பங்கு சுத்தம். கழுத்தில் போடுவதென்றால் 925, அதில் மீதி 7.5 சதவீதம் பொதுவாகச் செம்பு, அந்த உறுதி தேவை. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 1000 ரூபாய் நாணயத்திலேயே வெள்ளி 80 சதவீதம்தான், மீதி செம்பு.

கேள்வி: அப்பாவின் பதக்கம் கறுத்துவிட்டது. விபூதி போட்டுத் தேய்க்கலாமா? - ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: குத்துவிளக்குக்குச் சரி, பதக்கத்துக்கு வேண்டவே வேண்டாம். காற்றிலுள்ள கந்தகம் பட்டுத்தான் வெள்ளி கறுக்கிறது. தேய்த்தால் கறுப்போடு முகத்தின் நுணுக்கமும் போய்விடும், கண்ணாடி போலப் பளபளக்கும் பதக்கமென்றால் ஒரே தேய்ப்பில் கீறல் விழும். மென்மையான சோப்பு நீரில் அலசி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பெட்டிக்கு ரப்பர் பேண்ட் போட்டிருந்தால் இன்றே கழற்றுங்கள், அதிலும் கந்தகம் இருக்கிறது.