இலவசமாகத் தந்த வசதிக்கு இப்போது சந்தா கேட்கிறார்கள்: சட்டப்படி என்ன செய்யலாம்?

கேள்வி: ஐயா, வீட்டுக் கணினியில் ஒரு மீடியா சர்வர் மென்பொருளைப் போட்டு, குடும்ப வீடியோக்கள், பாட்டுகள், டிவிடியிலிருந்து எடுத்த படங்கள் எல்லாவற்றையும் அதில் சேர்த்து வைத்திருக்கிறேன். வேறு ஊரில் இருக்கும் என் அம்மா ஆறு வருடமாக அவருடைய டிவியில் அவற்றைப் பார்த்து வருகிறார். மென்பொருள் இலவசம். போனில் பார்க்கும் ஆப்புக்கு மட்டும் ஒரு தடவை பணம் கட்டினேன். இப்போது வீட்டுக்கு வெளியே இருந்து பார்க்க வேண்டுமானால், டிவியோ போனோ, மாதச் சந்தா கட்ட வேண்டும் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. கணினி என்னுடையது, கோப்புகள் என்னுடையவை, இணையத்துக்கும் நான்தான் பணம் கட்டுகிறேன். இதைப் பயன்படுத்தும் நண்பர்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடக்கிறது. ‘ஓசியில் கொடுத்ததை நிறுத்தினால் எப்படிக் கேட்க முடியும்?’ என்கிறார்கள் சிலர். ‘பழக்கிவிட்டுப் பணம் பறிக்கிறார்கள்’ என்கிறார்கள் சிலர். யார் சொல்வது சரி? விலை ஏறுவதற்கு முன்பு ஆயுள் சந்தா வாங்கிவிடலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் படித்தேன். ஒன்று நிறுவனத்தின் மின்னஞ்சல், இன்னொன்று ஆப் வாங்கிய ரசீது, மூன்றாவது நீங்கள் வாங்கிய அன்று எடுத்து வைத்த விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். அந்த மூன்றாவதை இத்தனை வருடம் அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. உங்கள் பக்கம் பலம் என்று ஒன்று இருந்தால், அது அதில்தான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. அம்மா டிவியில் பார்த்தது இலவச வசதி. போனில் பார்ப்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. நண்பர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் வாக்குவாதம் முடியாமல் இழுக்கிறது.

முதலில் இலவசப் பாதி. ஒப்பந்தம் என்றால் இரு தரப்பும் ஏதாவது கொடுத்திருக்க வேண்டும். ஒருவர் தருவதற்கு ஈடாக மற்றவர் தருவதை மறுபயன் என்போம். ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில், மறுபயன் இல்லாமல் தந்த வாக்குறுதியை நீதிமன்றத்தில் நிறைவேற்ற வைப்பது மிகவும் கடினம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 25 சில விதிவிலக்குகளைத் தவிர இதையே சொல்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், கட்டணம் இல்லாமல் தரும் சேவையை ‘சேவை’ என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைக்கிறது. ஆகவே இந்தப் பாதியில் ‘ஓசியில் கொடுத்தது’ என்று சொல்லும் நண்பர்கள் பெரும்பாலும் சரி.

ஆனால் எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/770 என்ற டிஜிட்டல் உள்ளடக்க நெறிமுறை 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, பணத்துக்குப் பதிலாக உங்கள் தனிப்பட்ட தகவல்களைக் கொடுத்திருந்தாலும் நீங்கள் பாதுகாப்புக்குரிய நுகர்வோர்தான். சேவையை நடத்த மட்டுமே தேவைப்படும் தகவல் இந்தக் கணக்கில் வராது. எதைப் பார்த்தீர்கள், எப்போது பார்த்தீர்கள் என்பதைச் சேகரித்து விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் வரும். நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கையை ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். நீங்கள் இலவசம் என்று நினைத்ததற்கு என்ன விலை கொடுத்தீர்கள் என்பது அங்கே எழுதியிருக்கும்.

‘கணினி என்னுடையது, கோப்புகள் என்னுடையவை’ என்ற வாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், நீங்கள் அதைத்தான் பெரிதாக நம்புகிறீர்கள். அது நியாயமான ஆதங்கம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இந்த வகை மென்பொருளில் லாகின் நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போகும். அந்த சர்வர்தான் அம்மாவின் டிவிக்கு உங்கள் வீட்டுக் கணினியைக் காட்டிக் கொடுக்கிறது. நேரடி இணைப்பு கிடைத்துவிட்டால் வீடியோ உங்கள் வீட்டிலிருந்து அம்மா வீட்டுக்கு நேராகவே போகிறது. நிறுவனத்துக்குப் பெரிய செலவில்லை. ஆனால் செலவில்லாததற்குக் காசு வாங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொந்தமானது கணினியும் கோப்புகளும்தான். மென்பொருளைப் பயன்படுத்த உங்களிடம் இருப்பது உரிமம் மட்டுமே.

இனி காசு கொடுத்த பாதிக்கு வருவோம். ரசீதில் ஒரே வரி: ‘மொபைல் ஆப் முழுத் திறப்பு, ஒருமுறைக் கட்டணம்.’ விளம்பரப் பக்கத்தில், அதே வாங்கும் பொத்தானுக்கு நேர் மேலே, ‘எங்கே இருந்தாலும் உங்கள் வீடியோக்கள் உங்கள் போனில்.’ இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரு சாதாரண மனிதர் என்ன புரிந்துகொள்வார்? வெளியே இருந்து பார்க்கத்தான் பணம் கட்டுகிறோம் என்று. வீட்டுக்குள் உட்கார்ந்து போனில் பார்ப்பதற்கு யார் பணம் கட்டுவார்கள்? உங்கள் கடிதத்தில் இதை ஓரமாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். புகாரில் இதைத்தான் முதல் பத்தியாக வைக்க வேண்டும்.

நிறுவனம் என்ன பதில் சொல்லும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ‘எந்த வசதியையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றவோ நிறுத்தவோ எங்களுக்கு உரிமை உண்டு’ என்று பயன்பாட்டு விதிமுறைகளில் ஒரு வரி இருக்கும். அதைக் காட்டும். சில இடங்களில் அந்த வரி வெல்லவும் செய்கிறது. 2024 ஜனவரியில் அமேசான் தன் பிரைம் வீடியோவில் விளம்பரங்களைப் புகுத்தி, அவை வேண்டாமென்றால் மாதம் 2.99 டாலர் கூடுதலாகக் கட்டச் சொன்னது. ஏற்கெனவே ஆண்டுச் சந்தா கட்டியிருந்தவர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். பலன்களை மாற்றும் அதிகாரம் விதிமுறைகளிலேயே இருக்கிறது என்று வாஷிங்டன் மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றம் 2025-இல் அதைத் தள்ளுபடி செய்தது.

எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. பிளேஸ்டேஷன் 3 என்ற விளையாட்டுக் கருவியை விற்கும்போது, அதில் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று சோனி சொன்னது. 2010 ஏப்ரல் 1 அன்று ஓர் அப்டேட் மூலம் அந்த வசதியை எடுத்துவிட்டது. அப்டேட் போட்டால் லினக்ஸ் போகும், போடாவிட்டால் ஆன்லைன் விளையாட்டு போகும். வாங்கியவர்கள் விடவில்லை. பல வருடம் இழுத்தது, கடைசியில் சோனி பணம் கொடுத்துச் சமரசம் செய்தது. விற்கும்போது சொன்ன வசதியைப் பிறகு பிடுங்கினால் சும்மா போய்விட முடியாது என்பதற்கு நான் அடிக்கடி காட்டும் வழக்கு இது.

விதிமுறையை மாற்றிய விதமும் முக்கியம். இணையதளத்தில் புதிய விதிமுறையைப் போட்டுவிட்டு வாடிக்கையாளருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் அது அவரைக் கட்டாது என்று, டாக் அமெரிக்கா என்ற தொலைபேசி நிறுவனம் தொடர்பான வழக்கில் அமெரிக்காவின் 9-வது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-இல் சொன்னது. ஒப்பந்தம் மாறிவிட்டதா என்று தினமும் போய்ப் பார்ப்பது வாடிக்கையாளரின் வேலை இல்லை. உங்களுக்கு மின்னஞ்சல் வந்துவிட்டதால் இது நேரடியாகக் கைகொடுக்காது. ஆனால் அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவில் எத்தனை நாள் கொடுத்தார்கள் என்று எண்ணி வையுங்கள்.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை, அதனால் இரண்டு இடத்து வழியையும் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் என்றால், மேலே சொன்ன நெறிமுறையின் பிரிவு 19 உங்களுக்கு நல்ல ஆயுதம். சேவையை மாற்ற வேண்டுமானால் அதற்குத் தகுந்த காரணம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும், மாற்றத்தால் நுகர்வோருக்குக் கூடுதல் செலவு வரக் கூடாது, முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும். பாதிப்பு சிறியதாக இல்லாவிட்டால் 30 நாளுக்குள் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. நேரடி இணைப்பில் செலவில்லை என்ற உங்கள் வாதம் இங்கேதான், ‘தகுந்த காரணம் என்ன?’ என்று கேட்கும்போது, உதவும்.

இந்தியாவில் என்றால் ஒருமுறைக் கட்டணம் கட்டிய ரசீதே உங்களை நுகர்வோர் ஆக்குகிறது. நியாயமற்ற கட்டணத்தையோ நிபந்தனையையோ நுகர்வோர் மேல் சுமத்தும் ஒப்பந்தத்தை 2019 சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்கிறது. அந்தப் புகார் மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். சேவைக் குறைபாடு என்று மட்டும் சொன்னால் மாவட்ட ஆணையமே போதும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம், கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. காலவரம்பு இரண்டு வருடம். அது ஆப் வாங்கிய நாளிலிருந்து இல்லை, வசதியை நிறுத்திய நாளிலிருந்து ஓடும். அதற்கு முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். சிறிய தொகை விவகாரங்கள் சில சமயம் அங்கேயே முடிந்துவிடும்.

ஒன்று கறாராகச் சொல்ல வேண்டும். டிவிடியிலிருந்து எடுத்த படங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிரதி எடுக்க முடியாதபடி டிவிடியில் போட்டிருக்கும் டிஜிட்டல் பூட்டை உடைத்துப் பிரதி எடுப்பது பல நாடுகளில் குற்றம், சொந்தக் காசில் வாங்கிய டிவிடியாக இருந்தாலும். புகாரில் குடும்ப வீடியோக்களைப் பற்றி மட்டும் பேசுங்கள். தேவையில்லாமல் எதிர்த்தரப்புக்கு ஒரு கதவைத் திறந்துவிடாதீர்கள்.

‘விலை ஏறுவதற்கு முன்பு ஆயுள் சந்தா வாங்கிவிடலாமா?’ என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். விதிமுறையில் ‘ஆயுள்’ என்பதற்கு விளக்கம் தேடுங்கள். பெரும்பாலும் அது உங்கள் ஆயுள் இல்லை, சேவையின் ஆயுள். வாங்கிய பிறகும் இதே சண்டை வரலாம். மூல நிரலை எல்லோரும் பார்த்து, மாற்றி, பகிர அனுமதிக்கும் திறந்த மூல மென்பொருளுக்கு மாறுவது இன்னொரு வழி, அதற்குச் சட்டத்தில் உறுதியான காரணமும் இருக்கிறது. எம்பி என்ற மீடியா சர்வர் தன் மூல நிரலை மூடியபோது, ஏற்கெனவே ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியாகியிருந்த பதிப்பை எடுத்து 2018 டிசம்பரில் ஜெல்லிஃபின் என்ற புதிய மென்பொருளைத் தொடங்கினார்கள். அந்த உரிமத்தின் நிபந்தனைகளைப் பின்பற்றும் வரை, ஒருமுறை கொடுத்த பதிப்பைத் திரும்பப் பிடுங்க யாராலும் முடியாது. ஆனால் வெளியிலிருந்து பார்க்கும் ஏற்பாட்டை நீங்களே செய்துகொள்ள வேண்டும். முடியுமென்றால் ஒரு விடுமுறை நாளில் முயன்று பாருங்கள்.

சரி, இந்த வாரம் செய்ய வேண்டியது இது. புதிய விதிமுறைக்கு ‘ஏற்கிறேன்’ அழுத்துவதற்கு முன்பு, பழைய விதிமுறையை முழுதாகச் சேமியுங்கள். நீங்கள் வாங்கிய நாளில் அது எப்படி இருந்தது என்று பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணையக் காப்பகத்தில் தேடுங்கள். புதிய விதிமுறையில் நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்ற பிரிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அதிலிருந்து விலகிக்கொள்ள நாள் கெடு கொடுத்திருக்கலாம், அதைத் தவறவிடாதீர்கள். அப்புறம் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல்: வாங்கிய தேதி, ரசீது எண், விளம்பரத்தில் இருந்த வாசகம் அப்படியே, ‘போன் ஆப்பில் வெளியிலிருந்து பார்க்கும் வசதியைத் தொடருங்கள், இல்லையென்றால் கட்டிய தொகையைத் திருப்பித் தாருங்கள்’ என்ற ஒரே கோரிக்கை, பதிலுக்கு 15 நாள். கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். அம்மாவுக்காக அதற்கிடையில் சந்தா கட்ட நேர்ந்தால் தாராளமாகக் கட்டுங்கள், ஆனால் ‘என் உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்’ என்று கட்டும் அன்றே எழுதி அனுப்பிவிடுங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், எந்த நாடு என்பதையும் சேர்த்து.