குடியும் மனநோயும் உள்ள கணவரை விவாகரத்து செய்வது தவறா?

கேட்டவர் மனைவியாகத்தான் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். 'குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும், பொறுத்துக்கொள்' என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள்.

என் முன்னாள் கணவருக்கு என்மேல் ஓயாத சந்தேகம். போனில் யார், ஏன் தாமதம், ஜன்னல் ஏன் திறந்திருக்கிறது? போதையில் உளறுகிறார் என்றார்கள். குடிக்காத நாளிலும் அதே கேள்விகள்தான் என்பது கூட இருந்த எனக்குத்தானே தெரியும். நெடுங்காலம் குடிப்பவர்களில் சிலருக்குத் துணைமீது வரும் ஆதாரமில்லாத சந்தேகம் ஒரு நோயாகவே முற்றிவிடும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

ஒருமுறை உறவினர்கள் அவரை அறையில் பூட்டிவைத்து ஒரேயடியாகக் குடியை நிறுத்தினார்கள். கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, அப்புறம் சுவரெல்லாம் பூச்சி என்று கத்தினார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். குடிக்குப் பழகிப்போன உடம்பு திடீரென நிறுத்தினால் 2 முதல் 4 நாட்களில் இப்படி ஆகலாம். வலிப்பு வரலாம், உயிரே போகலாம். தயவுசெய்து வீட்டில் முயலாதீர்கள். மருத்துவமனையில் மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் ஏறிய பிறகே தெளிந்தார்.

மனநோய் தனியாக இருக்கிறதா என்று கேட்டேன். டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. குடியால் வரும் மனச்சோர்வு, குடியை விட்ட சில வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். ஏறக்குறைய ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் தனி நோயா என்று பார்ப்பார்கள். அவருக்கு மனச்சோர்வும் நீடித்தது, சந்தேகமும் போகவில்லை. 'உனக்குத்தான் வைத்தியம் வேண்டும்' என்று மாத்திரையை வீசிவிட்டு மறுபடி குடிக்கப் போனார்.

'நோயாளியைக் கைவிட்டவள்' என்று எழுத வருகிறவர்களுக்கு: நோய்க்காக நான் விவாகரத்து கேட்கவில்லை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நன்றாகக் குடும்பம் நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர். சிகிச்சைக்கு ஒத்துக்கொண்டிருந்தால் கூடவே இருந்திருப்பேன். ராத்திரி முழுக்கக் கத்தியோடு வாசலில் உட்கார்ந்திருப்பவரோடு குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது? உங்கள் வீட்டில் அடிதடி இருந்தால், குடியா நோயா என்று தெரியும்வரை காத்திருக்காதீர்கள். முதலில் பத்திரமான இடத்துக்குப் போய்விடுங்கள். விவாகரத்தா, சிகிச்சையா என்பதை அங்கிருந்து யோசிக்கலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு கையில் வந்த பிறகும் என் பெண்ணின் பள்ளியில் எந்தப் படிவம் கொடுத்தாலும் அப்பா கையெழுத்து எங்கே என்கிறார்கள். போதையில் குழந்தை பெயரையே மறந்தவர் கையெழுத்து எதற்கு? வளர்க்கிறவள் நான், என் கையெழுத்து போதாதா?