பழவேற்காட்டில் கோட்டை உண்டா?

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன், கார்ட்டூனில் பார்த்துவிட்டு, கடலோரத்தில் இருக்கும் பழங்காலக் கோட்டைக்கு அழைத்துப் போகச் சொல்லி நச்சரிக்கிறான். எனக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. இரவுச் சமையலுக்குள் திரும்பிவிட வேண்டும். எங்கே போகலாம் ஐயா?
— ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அம்மா, யாரைக் கேட்டாலும் தெற்கே கை காட்டுவார்கள். கல்பாக்கம் பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை மதிலோடு நிற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வண்ணாரப்பேட்டையில் கிளம்புகிறவருக்கு நகரத்தைத் தாண்டுவதற்குள்ளேயே பாதி ஞாயிறு கரைந்துவிடும். நமக்கு வடக்குதான் வாசல். கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறுங்கள். பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு.

கிளம்பும் முன்பே மகனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் போய் மாட்டிக்கொண்டேன். துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்துக் கதைகளை எல்லாம் அவிழ்த்துவிட்டு என் பேரனை அழைத்துப் போனேன். முட்புதர் மண்டிய மேட்டைக் காட்டி, “இதுதான் கோட்டை” என்றேன். அவன் மேட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “இதற்காகவா தாத்தா விடியற்காலையில் எழுப்பினீர்கள்?” என்றான்.

அகழியின் தடம் மட்டும் இன்னும் தெரிகிறது. அதைச் சுற்றி நடந்தபடிதான் மிச்சத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. டச்சுக்காரர்கள் 1610-இல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி வாங்கி இங்கே வியாபாரம் தொடங்கினார்கள். 1612-இல் போர்ச்சுகீசியர் வந்து அடித்து நொறுக்கினார்கள். பட்டது போதும் என்று 1613-இல் கட்டியதுதான் கெல்டிரியா கோட்டை. 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இதுவே. நம் நெசவாளர்களின் துணி இங்கிருந்து இந்தோனேசியத் தீவுகளுக்குப் போய், கிராம்பும் ஜாதிக்காயுமாக மாறியது. அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் இதே துறையில்தான் கப்பலேற்றப்பட்டார்கள். பிள்ளைதானே என்று அதை மட்டும் விழுங்கிவிடாதீர்கள்.

கார்ட்டூனில் வரும் உயர்ந்த கோபுரங்கள் அம்பும் ஈட்டியும் இருந்த காலத்து ஐரோப்பாவுக்குச் சரி. பீரங்கி வந்தபின் உயரமாகக் கட்டினால் குறிவைக்கத்தான் வசதி. அதனால் பிற்காலக் கடற்கரைக் கோட்டைகள் தாழ்ந்தும் தடித்தும் இருந்தன. இதைச் சொன்ன பிறகுதான் என் பேரன் கொஞ்சம் சமாதானமானான்.

அவன் முகம் மலர்ந்த இடம் டச்சுக் கல்லறைத் தோட்டம். தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன! உள்ளே கருங்கல் பலகைகளில் குடும்பச் சின்னங்கள், பழைய டச்சு எழுத்துகள். எழுத்தைக் குழித்து வெட்டவில்லை. சுற்றியுள்ள கல்லைச் செதுக்கி எடுத்துவிட்டு, எழுத்தை மேடாக விட்டிருக்கிறார்கள். பேரன் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி ஆண்டைப் படித்தான்: “ஒன்று… ஆறு… ஐந்து…” நான்காவது எண்ணுக்குள் வெயிலில் கல் சுட்டு, கையை உதறிக்கொண்டான். ஆகவே காலையிலேயே அங்கே போய்விடுங்கள். மேட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிவிடாது.

கேள்வி: பழவேற்காடு ஏரியில் குடும்பத்தோடு படகில் போகலாமா?
— ஒரு வாசகர், காசிமேடு

பதில்: காசிமேட்டுக்காரர் கேட்கிற கேள்வியா இது? 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே சுற்றுலாப் பயணிகள் போன படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கரையில் யாராவது வந்து குறைந்த காசுக்கு ஏற்றிக்கொள்வதாகக் காதோடு சொன்னால் நடையைக் கட்டுங்கள். குளிர்காலத்தில் போனால் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் நிற்பதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். ஒரு பைனாகுலர் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள், போதும்.

கேள்வி: அங்கே களி நண்டு நன்றாக இருக்கும் என்கிறார்களே, வாங்கி வரலாமா?
— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தாராளமாக. அளவைப் பார்க்காதீர்கள், கையில் தூக்கிக் கனத்தைப் பாருங்கள். அடிப்பக்கம், கால் முளைக்கும் இடத்துக்கு அருகில் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் அண்மையில் ஓடு கழற்றியது. உள்ளே சதை இருக்காது, தண்ணீர்தான். கெட்டியாக இருந்தால் வாங்கலாம். உயிரோடுதான் தருவார்கள், கொடுக்குகளைக் கட்டியிருப்பார்கள். அந்தக் கட்டை நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. பொன்னேரியில் ரயில் ஏறி, பையை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கண் அசந்துவிட்டேன். மீஞ்சூரில் ஒரு பெண்மணி போட்ட சத்தத்தில்தான் விழித்தேன். எண்ணூர் வரும்வரை அந்தப் பெட்டியில் ஒருவரும் காலைக் கீழே வைக்கவில்லை.