டேக் போர்டில் இரைச்சல்: சிப்பை மாற்றும் முன் கிரவுண்டைப் பாருங்கள்

கேள்வி: ராஸ்பெர்ரி பை 3 என்ற சின்னக் கணினியில் பிசிஎம்5102ஏ டேக் போர்டை (டிஜிட்டல் எண்களை ஆடியோ சிக்னலாக மாற்றுவது) மாட்டி, அதன் வெளியீட்டை டிபிஏ3116 ஆம்ப் போர்டுக்குக் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் 12 வோல்ட் அடாப்டர் ஒன்றுதான். பைக்கு வேண்டிய 5 வோல்ட்டையும் அதிலிருந்தே பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டேஜைக் குறைக்கும் சர்க்யூட்) வழியாக எடுக்கிறேன். பாட்டு நன்றாக வருகிறது. நிறுத்தினால் ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று ஒரு சத்தம். அடுத்த பாட்டுக்குத் தாவும்போது அதுவே 'கிர் கிர்' என்று மாறுகிறது. விலை கூடிய டேக் சிப் உள்ள போர்டு வாங்கினால் சரியாகிவிடுமா? அல்லது நானே பிசிபி (பாகங்களைப் பொருத்தும் சர்க்யூட் பலகை) வரைந்து ஒன்று செய்துவிடலாமா?

பதில்: வேறு போர்டு வாங்காதீர்கள். காசு போகும், சத்தம் அப்படியே இருக்கும். உங்களிடம் இருப்பது நல்ல சிப். 3.3 வோல்ட்டில் ஓடி, 2.1 வோல்ட் ஆர்எம்எஸ் (மல்டிமீட்டர் காட்டும் ஏசி அளவு) வெளியீடு தரும். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 112 டெசிபெல் என்று டேட்டாஷீட் சொல்கிறது. 16 பிட் சிடியின் எல்லையே 98 டெசிபெல்தான். ஸ்பீக்கரில் கேட்கும் அந்த 'ஙொய்' சிப்புக்கு வெளியிலிருந்து வருகிறது. பாட்டை மாற்றும்போது சத்தமும் மாறுகிறதல்லவா, அதுவே துப்பு. பையின் புராசஸர் செய்யும் வேலையைத்தான் நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

எப்படி என்று பார்ப்போம். 2.1 வோல்ட் ஆர்எம்எஸ் என்பது உச்சத்திலிருந்து உச்சத்துக்கு ஏறக்குறைய 5.9 வோல்ட். அதை 16 பிட்டின் 65,536 படிகளாகப் பிரித்தால் ஒரு படி 90 மைக்ரோவோல்ட். டேக் கையாளும் சின்ன அளவு இதுதான், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் வயரிங்குக்கு வருவோம். பக் கன்வெர்ட்டர் இழுக்கும் மின்னோட்டம் பையின் வேலைக்கேற்ப ஏறி இறங்குகிறது. அது அடாப்டரின் நெகட்டிவுக்குத் திரும்பிப் போக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அதற்கென நீங்கள் போட்ட வயர். மற்றொன்று, டேக்கிலிருந்து ஆம்புக்குப் போகும் ஆடியோ கேபிளின் ஷீல்டு (வெளிப்புறக் கம்பிவலை). அதுவும் ஆம்பின் கிரவுண்டில்தானே முடிகிறது! மின்னோட்டம் இரண்டிலும் பிரிந்து ஓடும். ஷீல்டின் மின்தடை 0.1 ஓம், அதில் ஓடுவது வெறும் 10 மில்லிஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். 1 மில்லிவோல்ட் ஆகிவிட்டது. அதாவது 11 படிகள். ஆம்புக்கு இது இரைச்சல் என்று தெரியாது. 26 டெசிபெல் கெயின் வைத்திருந்தால் 20 மடங்காக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். ஊர் அடங்கிய நேரத்தில் அந்த 20 மில்லிவோல்ட் தெளிவாகக் கேட்கும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். பக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டுப் பையை மட்டும் ஒரு பவர் பேங்கில் ஓட்டுங்கள். ஆம்ப் அடாப்டரிலேயே இருக்கட்டும். சத்தம் சட்டென்று நின்றால் குற்றவாளி கிரவுண்ட் லூப்தான், அதாவது அந்த இரண்டு வழிகளும் சேர்ந்து உண்டாக்கும் வளையம். நிற்காவிட்டால், லேன் கேபிள், எச்டிஎம்ஐ, வேறு யூஎஸ்பி சாதனம் என ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். என் வீட்டில் ஒரு வாரம் 50 ஹெர்ட்ஸ் உறுமலைத் துரத்தியிருக்கிறேன். கெபாசிட்டர்களையெல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. கடைசியில் அது கேபிள் டிவி வயரின் கிரவுண்ட் வழியாக வந்துகொண்டிருந்தது. செட்டாப் பாக்ஸின் வயரைக் கழற்றிய நொடியில் அமைதி!

எளிய மருந்து, பைக்குத் தனியாக ஒரு 5 வோல்ட் அடாப்டர். ஒரே அடாப்டர்தான் வேண்டும் என்றால், சாதாரண பக் கன்வெர்ட்டருக்குப் பதிலாக உள்ளீடும் வெளியீடும் பிரிந்த ஐசொலேட்டட் டிசி-டிசி கன்வெர்ட்டர் போடுங்கள். எனக்குப் பிடித்த மூன்றாவது வழிக்குச் செலவே இல்லை, சால்டரிங் அயர்ன் பிடித்த கை போதும். டிபிஏ3116-க்கு டிஃபரென்ஷியல் உள்ளீடு உண்டு, அதாவது பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற இரண்டு கால்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை மட்டும் பெருக்கும். மலிவான போர்டுகளில் அதன் நெகட்டிவ் காலை ஒரு கெபாசிட்டர் வழியாக ஆம்பின் கிரவுண்டில் சேர்த்துவிடுகிறார்கள். அந்தக் கெபாசிட்டரின் கிரவுண்ட் முனையை மட்டும் தூக்கி, தனி வயரால் டேக் போர்டின் கிரவுண்டில் இணையுங்கள். ஷீல்டை டேக் பக்கம் மட்டும் வைத்து, ஆம்ப் பக்கம் விட்டுவிடுங்கள். இரண்டு சானலுக்கும் இப்படியே. இரண்டு கிரவுண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஆம்பே கழித்துக்கொள்ளும்.

பிசிபி வரையும் ஆசையை மட்டும் விடாதீர்கள். டேக் என்றால் என்ன என்பது அப்போதுதான் கைக்குள் வரும். கிரவுண்டை அனலாக், டிஜிட்டல் என்று வெட்டாதீர்கள். அடிப்பக்கம் முழுவதும் ஒரே செம்புப் பரப்பாக இருக்கட்டும். பாகங்களைத்தான் பிரித்து வைக்க வேண்டும்: ஐ2எஸ் (பையிலிருந்து வரும் டிஜிட்டல் ஆடியோ) ஒரு பக்கம் நுழைந்து, ஆடியோ மறுபக்கம் வெளியேற வேண்டும். 100 நானோஃபாரட் கெபாசிட்டர்கள் சிப்பின் பவர் கால்களை ஒட்டியே உட்கார வேண்டும். வெளியீட்டில் 470 ஓம், 2.2 நானோஃபாரட் ஃபில்டர் போதும். அந்தக் கெபாசிட்டர் சி0ஜி எனும் செராமிக் வகையாக இருக்கட்டும். எக்ஸ்7ஆர் வகையின் கொள்ளளவு வோல்ட்டேஜுக்கேற்ப மாறும், பாட்டில் திரிபு சேரும். அனலாக் 3.3 வோல்ட்டுக்கு இரைச்சல் குறைந்த தனி ரெகுலேட்டர் போடுங்கள். எக்ஸ்எஸ்எம்டி (மியூட்) காலை 3.3 வோல்ட்டுக்கு இழுக்க மறந்தால் சிப் ஊமையாகவே கிடக்கும். எஸ்சிகே (வெளியிலிருந்து கிளாக் வாங்கும்) காலைக் கிரவுண்டில் கட்டுங்கள். தேவையான கிளாக்கை (வேலைக்குத் தாளம் போடும் துடிப்பு) சிப் தன் பிஎல்எல் என்ற உள் சர்க்யூட்டில் தானே உருவாக்கிக்கொள்ளும்.

கிளாக் பற்றி ஒரு வார்த்தை. பையில் அந்தத் துடிப்புக்கு அடிப்படையான கிரிஸ்டல் 19.2 மெகாஹெர்ட்ஸ். சிடி பாட்டுக்கு வேண்டிய 2.8224 மெகாஹெர்ட்ஸ் அதிலிருந்து முழு எண்ணில் வகுபடாது, ஒட்டுப்போட்டுத்தான் வரும். அதனால்தான் நல்ல போர்டுகளில் 22.5792, 24.576 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு கிரிஸ்டல்கள் இருக்கும்: ஒன்று 44.1 கிலோஹெர்ட்ஸின் 512 மடங்கு, மற்றது 48-இன் 512 மடங்கு. அதற்கு கிளாக்கைத் தானே நடத்தக்கூடிய பிசிஎம்5122 பொருத்தம். இரண்டாவது போர்டில் செய்யுங்கள். முதல் போர்டிலேயே எல்லாவற்றையும் திணித்தால், எது பிழை என்று கண்டுபிடிக்க முடியாது.

போர்டு தயாரானதும் ஆம்பில் மாட்டும் முன், முழு அளவில் 50 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓட்டி, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து இரண்டு சானலையும் அளந்துவிடுங்கள். 50 ஹெர்ட்ஸை எந்த மலிவான மீட்டரும் சரியாகக் காட்டும். இரண்டிலும் 2.1 வோல்ட்டை ஒட்டி வந்தால் ஸ்பீக்கரை மாட்டலாம்.