கேள்வி – பதில்: 13 குரோம் குழாய் தாங்குமா?

கேள்வி: எரிவாயுக் கிணற்றில் கார்பன் டைஆக்சைடு அரிப்புக்காக எல்80 வலிமைத் தரத்தில் 13 குரோம் ட்யூபிங் (13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு உற்பத்திக் குழாய்) இறக்கியிருக்கிறோம். இப்போது வாயுவில் 500 பி.பி.எம். ஹைட்ரஜன் சல்பைடு வருகிறது. அழுத்தம் 200 பார். குழாய் தாங்குமா?

பதில்: பி.பி.எம்.மை மட்டும் பார்க்காதீர்கள், பகுதி அழுத்தத்தை, அதாவது மொத்த அழுத்தத்தில் ஹைட்ரஜன் சல்பைடின் பங்கைப் பாருங்கள். 200 பார் என்றால் 20,000 கிலோபாஸ்கல். அதில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு, அதாவது 10 கிலோபாஸ்கல். இந்த ட்யூபிங்குக்கு ஐ.எஸ்.ஓ. 15156 (ஹைட்ரஜன் சல்பைடு உள்ள இடங்களுக்கான உலோகத் தேர்வுத் தரநிலை) தரும் உச்ச வரம்பும் அதுவே. கூடவே நீரின் பி.எச். 3.5க்குக் கீழே போகக்கூடாது. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த பி.எச்.சில்தான். எரிவாயுக் கிணற்றில் வருவது குளிர்ந்து படிந்த நீர். அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் அதில் அநேகமாக இருக்காது. ஆய்வகப் பாட்டிலில் 5 காட்டினால் நம்பிவிடாதீர்கள், வழியிலேயே வாயு வெளியேறி பி.எச். ஏறியிருக்கும். கிணற்று அழுத்தத்தில் என்னவென்று கணக்கிட்டே அறிய வேண்டும்.

துரு பிடிக்காத குழாய் ஏன் விரிசல் விடுகிறது? அரிப்பில் பிறக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் ஜோடி சேர்ந்து வாயுவாகப் போய்விட வேண்டும். சல்பைடு அதைத் தடுப்பதால் அவை எஃகுக்குள் புகுந்து, கடினமான இடத்தை நொறுங்கவைக்கின்றன. இதுதான் சல்பைடு விரிசல். இது சூட்டில் அல்ல, அறை வெப்பநிலையில்தான் மோசம். கிணறு ஓடும்போது நன்றாயிருந்த மேல்பகுதி, மூடிக் குளிர்ந்தபின் விரிசல் விடலாம். குழாயைப் பிடித்து முறுக்கி இணைக்கும் கருவியான பவர் டாங்கின் பல் பதிந்த தடத்தையும் அலட்சியப்படுத்தாதீர்கள், எஃகு அங்கே நசுங்கிக் கடினமாகியிருக்கும்.

மாற்று? விலை கூடினால் தரம் கூடும் என்ற கணக்கு இங்கே பலிக்காது. குளிர்நிலையில் இழுத்து வலுவூட்டிய 22 குரோம் டூப்ளெக்ஸ் (இருவகைப் படிக அமைப்பு கலந்த துருப்பிடிக்கா எஃகு) ட்யூபிங்குக்கு வரம்பு வெறும் 2 கிலோபாஸ்கல். குரோமியம் இன்னும் கூடிய சூப்பர் டூப்ளெக்ஸுக்கு 20, அதுவும் குளோரைடு லிட்டருக்கு 1,20,000 மில்லிகிராமுக்குள் இருந்தால். அதற்கும் மேலே 28 குரோம் போன்ற நிக்கல் மிகுந்த கலவைதான். எல்80 டைப் 1 கார்பன் எஃகு சல்பைடு விரிசலைத் தாங்கும். ஆனால் கார்பன் டைஆக்சைடு அரிப்பை அடக்க அரிப்புத் தடுப்பானை விடாமல் செலுத்த வேண்டும்.

கேள்வி: குழாய்வழியின் எஃகு சல்பைடு விரிசல் சோதனையில் தேறிவிட்டது. பற்றவைப்பைத் தனியாகச் சோதிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். பற்றவைத்த சூட்டில் பக்கத்து எஃகு கடினமாகிவிடும். அங்கே கடினத்தன்மை 250 விக்கர்ஸைத் (கடினத்தன்மையின் அலகு) தாண்டக்கூடாது. கஜகஸ்தானின் கஷகான் வயலில் 2013இல் உற்பத்தி தொடங்கிய சில வாரங்களிலேயே குழாய்வழிகள் கசிந்தன. காரணம், ஆங்காங்கே கடினமாயிருந்த எஃகில் சல்பைடு விரிசல். குழாய்களை மாற்றி 2016இல்தான் மறுபடி திறந்தார்கள்.